வெள்ளைச் சிமெண்டுக்கு அடியில் வாகை

சங்கத் தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். சிலையைக் கையில் வாங்கினீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். மடியில் இருக்கிற குட்டியின் காதைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இது எங்க ஊரு வேலையே இல்லீங்க" என்றீர்கள். தெரியாமல் சொல்லியிருந்தால் தவறு என்று விட்டிருப்பேன். காதைத் தடவிவிட்டுச் சொன்னீர்களே, அதனால்தான் பொய் என்கிறேன்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். ஊர் பெயரும் எழுத மாட்டேன். வேப்பந்தட்டைப் பக்கம் மரத்தில் சிலை செதுக்குகிறவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குத் தெரிந்தால் போதும். மற்றவர்களுக்கு நடந்ததை முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் அரியலூர்க்காரி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சாம்பிள் எடுக்கிற வேலை. இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் ஒப்பந்தத் தொழிலாளிதான். லாரியில் வரும் கல்லில் அங்கங்கே எடுத்து, இடித்து, குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைச் சேர்த்து, மறுபடி இடித்து லேபுக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் ஒரு சொட்டு ஆசிட் விட்டுப் பார்ப்பேன். நுரை எப்படிப் பொங்குகிறது, எவ்வளவு நேரம் பொங்குகிறது என்பதை வைத்தே கல் நல்லதா, களிமண் கலந்ததா என்று சொல்லிவிடுவேன். மிஷின் பிறகு அதையேதான் சொல்லும். இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிர்தான் இந்தக் கதையில் முதலில் அடி வாங்கியது.

கீழப்பழுவூர் போகிற ரோட்டில் ஒரு பாய் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். பீரோ, கட்டில், நின்றுபோன கடிகாரம், கண்ணாடி உடைந்த ஷோகேஸ் எல்லாம் கிடக்கும். சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் யாராவது வேலை முடிந்து ஊருக்குப் போனால், தூக்கிப் போக முடியாததை எல்லாம் பாய் கடையில் தள்ளிவிட்டுப் போவார்கள். போன வருஷம் ஒரு நாற்காலி தேடிப் போனபோது அங்கேதான் அந்தச் சிலையைப் பார்த்தேன். முழங்கை உயரம். முழுக்க வெள்ளை. ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஏதோ ஒரு குட்டி.

"என்ன பாய் இது?"

"இத்தாலி பளிங்குக்கா. வெள்ளைக்காரி நாய்க்குட்டிய மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா பாருங்க."

"வெள்ளைக்காரி எதுக்கு பாய் சேலை கட்டியிருக்கா?"

"அது சேலை இல்லக்கா, கவுனு. மடிப்பு வச்சுத் தைச்சது."

"கவுனுக்கு ஏது கொசுவம்?"

பாய் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட வாயக் கொடுத்து நான் மீள முடியுமா? எடுத்துட்டுப் போங்க. பளிங்கு இல்லன்னா கொண்டாந்து என் தலையில போடுங்க."

"இவ்ளோ கனத்தப் போட்டா நீ மவுத்தாயிடுவ பாய்."

"அல்லா விட்ட வழி. முதல்ல எடுத்துட்டுப் போங்க."

நாற்காலியை விட்டுவிட்டுச் சிலையை எடுத்துக்கொண்டு வந்தேன். காரணம் அவள் உட்கார்ந்திருந்த விதம். ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி, முதுகை லேசாகத் தளர்த்தி. ஷிப்ட் முடிந்து மரத்தடியில் நாங்கள் உட்காருவது அப்படித்தான். இத்தாலியில் ஒருத்தி அப்படி உட்காருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் சிலையைப் பையில் போட்டு லேபுக்குக் கொண்டுபோனேன். அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு ஆசிட் விட்டேன். பொங்கியது. முதுகில் ஒரு சொட்டு. அங்கேயும் பொங்கியது. பளிங்கும் பொங்கும்தான். ஆனால் பளிங்கில் பளபளவென்று உப்புக் கல் போல மணி தெரியும், இதில் இல்லை.

"நம்ம ஊருக் கல்லு" என்று அங்கேயே அறிவித்துவிட்டேன்.

கெமிஸ்ட் தம்பிக்குச் சந்தேகம். "அக்கா, இவ்ளோ நைசா நம்ம கல்லுல செதுக்க முடியுமா? உதிர்ந்திடாது?"

"இருபது வருஷமா ஆசிட் ஊத்துறேன். நீ ஸ்கூல்ல இருந்த அப்ப. எனக்குச் சொல்லிக் கொடுக்கிறியா?"

பாய்க்கு போன் போட்டு, "இத்தாலியும் இல்ல, கித்தாலியும் இல்ல, அரியலூர்க் கல்லு" என்று சொன்னேன். கேண்டீனில் சொன்னேன். தெருவில் சொன்னேன். டிவி ஸ்டாண்டில் வைத்து, வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னேன்.

போகிக்கு வீடு கழுவும்போது சிலையையும் கழுவலாம் என்று தண்ணீர் நிறைந்த அண்டாவில் போட்டேன். அடிப்பக்கம் நேராகக் கீழே போய் உட்கார்ந்தது. அது சரி. படுக்கவைக்கலாம் என்று தலையைப் பிடித்து அமுக்கினேன். கையை எடுத்ததும் தலை மேலே வந்தது. மறுபடி அமுக்கினேன். மறுபடி வந்தது.

கல் எங்கேயாவது மிதக்குமா?

கத்தியை எடுத்து முதுகில், யாரும் பார்க்காத இடத்தில் சுரண்டினேன். வெள்ளைத் தோல் பேர்ந்தது. உள்ளே பழுப்பு. அதில் ரேகை ஓடியது. மரம்.

எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உடைந்தது எதுவானாலும் எங்களுக்குச் சிமெண்டுதான். நாற்காலிக் கால் ஆடினால் சிமெண்டு. வாளி ஓட்டையானால் சிமெண்டு. என் வீட்டு அரிவாள்மனைக் கட்டை பிளந்தபோது நானே சிமெண்டு வைத்து அடைத்திருக்கிறேன், இன்றைக்கும் அதில்தான் காய் நறுக்குகிறேன். இந்தச் சிலையின் அடியைக் கரையான் அரித்திருக்கிறது. வைத்திருந்த ஆள் தூக்கி எறியவில்லை. அரித்த குழியில் சிமெண்டை நிரப்பி நிற்கவைத்திருக்கிறார். மேலே பழுப்பு, கீழே சாம்பல் நிறம் என்று இருந்தது பிடிக்காமல், தலையில் இருந்து கால் வரை வெள்ளைச் சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டிருக்கிறார். அதற்கு அடியில் மூக்கு போனது, காது போனது, சேலைக் கரை போனது. நான் ஆசிட் ஊற்றிப் பார்த்தது சிலையை இல்லை, அந்தச் சிமெண்டை. பூச்சு காய்ந்து வருஷமானால் அதுவும் சுண்ணாம்பு போலப் பொங்கும். சிமெண்டுக்குக் கல் பார்த்தே பிழைத்தவள், சிமெண்டையே கல் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன வாயாலேயே மாற்றிச் சொன்னேன். கேண்டீனில் எல்லோர் முன்னாலும், "நான் சொன்னது தப்பு, அது மரம்" என்றேன். கெமிஸ்ட் தம்பி எழுந்து நின்று கும்பிட்டான். இரண்டு நாள் எல்லோரும் என்னைப் பார்த்து "மிதக்கும் கல்லு" என்று சிரித்தார்கள். மூன்றாம் நாள் மறந்துவிட்டார்கள். தப்பை ஒத்துக்கொண்டால் அவ்வளவுதான் நடக்கும். தலைவரே, இந்த இடத்தை நீங்கள் இரண்டு முறை படிக்கலாம்.

பாயிடமும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "நீங்களும் தப்பு, நானும் தப்பு. இனிமே என் தலையில போட முடியாதுல்லக்கா?"

பிறகு சுத்தம் செய்ய ஆரம்பித்தேன். லேப் ஆசிட்டை மரத்தில் ஊற்றினால் மரம் போய்விடும். பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, துணியை நனைத்து, ஒரு இடத்தில் சுற்றி வைத்தேன். ஊறினதும் மூங்கில் சிராயால் மெல்லச் சுரண்டி, பல் பிரஷ்ஷால் தேய்த்தேன். ஒரு நாளைக்கு உள்ளங்கை அகலம்தான் நகரும். வேலை விட்டு வந்து செய்ததில் ஒரு மாசம் ஓடியது. அந்த மாசம் முழுக்கத் தும்மினேன். புளி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் கொசுவம் வந்தது. பாயிடம் போட்டோ அனுப்பினேன். பிறகு முகம். வெள்ளைக்காரி இல்லை. அகலமான மூக்கு, இரண்டு பக்கமும் மூக்குத்திக்குத் துளை. மடியில் இருந்தது நாய்க்குட்டியும் இல்லை, ஆட்டுக்குட்டி. தொங்கும் காது. வலது காதின் நுனியில் ஒரு பிளவு. இடது காதின் பின்விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு.

மரம் உடைந்ததோ என்று பார்த்தேன். இல்லை. உளியால் சுத்தமாக வெட்டியது. ஆடு இருந்த வீட்டில் பிறந்தவள் நான், எனக்கு உடனே தெரிந்தது. மந்தையில் ஆடு கலந்துவிட்டால் பிரிப்பதற்காகக் குட்டியிலேயே காதில் குறி வெட்டுவார்கள். வீட்டுக்கு வீடு குறி வேறு. எங்கள் வீட்டுக் குறி இடது காதில் இரண்டு பிளவு. அழகுக்காகச் சிலை செய்கிறவன் ஆட்டுக் காதில் குறி வெட்ட மாட்டான். இதைச் செய்தவர் ஏதோ ஒரு வீட்டு ஆட்டைத்தான் செய்திருக்கிறார்.

என்ன மரம் என்று முதலில் தெரியட்டும் என்று பெரம்பலூரில் ஒரு மர அறுவை மில்லுக்குப் போனேன். மில்காரர் சிலையைத் தூக்கிப் பார்த்தார், நகத்தால் அழுத்திப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சுரண்டுனப்ப தும்மல் வந்துச்சா?"

"ஒரு மாசமா நிக்கல."

"அப்ப வாகை. வாகைத் தூளு மூக்குல ஏறுனா விடாது. எங்க ஆளுங்க வாகை அறுக்குற அன்னிக்கி மூஞ்சியில துண்டு கட்டிக்கிட்டுத்தான் அறுப்பாங்க." சிலையைத் திருப்பினார். "ஒட்டு எங்கயும் இல்ல பாருங்க. தலை, காலு, குட்டி எல்லாம் ஒரே கட்டை. தச்சன் வேலை இல்லம்மா. வேப்பந்தட்டைப் பக்கம் சிலைக்காரங்க இருக்காங்க, அவங்க கைதான். அங்க போய்க் கேளுங்க."

அப்படித்தான் பஸ் ஏறி உங்கள் ஊருக்கு வந்தேன், தலைவரே. சங்கக் கொட்டகையில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து உளி பிடித்திருந்தார்கள். பின்னால் பெண்கள் உப்புத்தாளால் சிலைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மரியாதையாகத்தான் நடத்தினீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். பிறகு அந்தக் காதைத் தடவினீர்கள். பிறகு அந்தப் பொய்.

நம்பிவிட்டேன். நூறு சிலை செய்தவர் சொல்கிறார், நான் யார் என்று நினைத்துக்கொண்டேன். ஆசிட் பொங்கியதை நம்பி ஏமாந்தது ஞாபகத்தில் இருந்ததால் வாதாடவும் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது வேப்பந்தட்டையில் இறங்கி பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றேன். ஒரு அம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தார். எல்லா ஆட்டுக் காதிலும் குறி. பஸ் வந்தது, விட்டுவிட்டேன்.

"ஆத்தா, கொஞ்சம் நில்லுங்க. இந்தக் குறி யார் வூட்டுதுன்னு தெரியுமா?"

அவர் பையில் இருந்த சிலையை எட்டிப் பார்த்து, "அட, மரத்து ஆட்டுக்குமா காது வெட்டிட்டாங்க!" என்று சிரித்தார். பிறகு குனிந்து காதைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "வலதுல பிளவு, இடதுல கொறை... இது ரஞ்சன்குடிப் பக்கத்து வூடுல்ல. நாங்க பொண்ணு எடுத்த வகையில சொந்தம். நீங்க ஏன் கேக்குறீங்க?"

"இதச் செஞ்சது யாருன்னு தேடுறேன்."

"தேடுறதுக்கு என்ன இருக்கு? அந்த வூட்டுப் பொண்ண சிலைக்கார ஊருல கட்டிக் கொடுத்தாங்க. புருஷன் செத்து ரெண்டு வருஷம் ஆகுது. கொட்டாயில உப்புத்தாளு தேய்க்குது பாவம். அந்தக் கழுதைக்குச் சின்ன வயசுலயே கையில கத்தி இருந்தா போதும், மாட்டுக் கொம்பக்கூட விடாது."

நான் போய்விட்டு வந்த அதே ஊர். அதே கொட்டகை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். விரல் நுனியெல்லாம் உப்புத்தாள் தேய்த்து வழுவழுவென்று ஆகியிருந்தது. சிலையைக் கொடுத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். திருப்பி அடியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"எவன்க்கா இவளுக்குச் சிமெண்டு வச்சது?"

"எங்க ஊருக்காரன்தான். வேற எவன் வைப்பான்?"

"போன வாரம் நீங்க கொட்டாய்க்கு வந்தப்ப நான் அங்கதான் இருந்தேன். பார்த்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. "பார்த்துட்டு ஏன் வாயத் திறக்கல? அவரு இல்லங்கிறாரு, நீ சும்மா உக்காந்திருக்க?"

"திறந்தா மறுநாள் உப்புத்தாளும் கிடைக்காதுக்கா."

அதற்குமேல் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கல்யாணம் ஆகி வந்த புதிதில் புருஷன் வேலை செய்வதைப் பார்த்தே உளி பிடிக்கப் பழகியிருக்கிறாள். மதியம் அவர் படுக்கிற நேரத்தில் செதுக்குவாள். சாமி சிலைக்கு அளவு, கணக்கு எல்லாம் உண்டு, அது அவருடையது. இவள் செய்தது எல்லாம் பார்த்த ஆட்கள், பார்த்த ஆடுகள். இரண்டையும் ஒன்றாகவே சங்கத்தில் கொடுத்திருக்கிறார்கள், அவர் பெயரில். இந்தச் சிலை ஆலையில் யாரோ ஒரு அதிகாரி ரிட்டையர் ஆனதற்குப் பரிசாகப் போனது.

"அவரு நல்லவருதான்க்கா. ரெண்டு பேரு கையும் ஒண்ணுதானேம்பாரு. அவரு இருந்த வரைக்கும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அவரு போனப்புறம் எனக்குக் கையே இல்லங்கிறாங்க."

அரசாங்கம் கொடுக்கிற கைவினைஞர் அட்டை அவர் பெயரில் இருந்தது. அது அவரோடு போயிற்று. இவள் பெயரில் அட்டை வேண்டுமென்றால், இவள் செதுக்குகிறவள் என்று சங்கம் எழுதித் தர வேண்டுமாம். மூன்று முறை கேட்டிருக்கிறாள். "உப்புத்தாள் தேய்க்கிறவள்னு வேணா எழுதித் தரேன்" என்றிருக்கிறீர்கள், தலைவரே. அட்டை இருந்தால் தன் வேலையைத் தன் பெயரில் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம். இல்லாவிட்டால் மற்றவர்கள் செதுக்கியதைச் சாகும் வரை தேய்க்க வேண்டியதுதான். செய்து காட்டுகிறேன் என்றால் கட்டை தர மாட்டார்கள். முன்னால் செய்தது எங்கே என்பார்கள். எல்லாம் விற்றுப்போனது. ஒன்றுகூட அவளிடம் இல்லை.

இப்போது ஒன்று இருந்தது.

அவள் சிலையைத் தலைகீழாகப் பிடித்துக் குட்டியின் வயிற்றுக்கும் மடிக்கும் நடுவே பார்த்தாள். அந்த இடுக்கில் மட்டும் வெள்ளைச் சிமெண்டு இன்னும் கெட்டியாக இருந்தது. என் பிரஷ் அதற்குள் நுழையவில்லை.

"இங்க என்ன இருக்குன்னு பார்த்தீங்களா?"

"இல்ல. போகல."

"பார்க்காதீங்க. உள்ள ஒரு கை இருக்கு. குட்டிய அடியில தாங்கிப் பிடிச்ச கை. வெளிய தெரியாது, ஆனா கை இல்லாம குட்டி எப்படி மடியில நிக்கும்? அதனால செஞ்சேன். நாலு விரல்தான் இருக்கும். சுண்டுவிரலு உளி பட்டுத் தெறிச்சிடுச்சு. மோதிர விரல உள்ள மடக்கி வச்சேன், அப்பத்தான் சுண்டுவிரலு இல்லாதது தெரியாதுன்னு."

"கிளம்பு" என்றேன். "சங்கத்துல எல்லார் முன்னாடியும் இதச் சொல்லு. அவங்களே சுரண்டிப் பார்க்கட்டும்."

அவள் அசையவில்லை. நான் கத்தினேன். பயந்தாங்கொள்ளி என்றுகூடச் சொன்னேன். அதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நான் கத்திவிட்டு பஸ் ஏறி அரியலூர் போய்விடுவேன். அவள் மறுநாள் அதே கொட்டகைக்குப் போக வேண்டியவள். எனக்கு அது உறைக்கவில்லை. அவளுக்கு உறைத்தது, அதனால்தான் உட்கார்ந்திருந்தாள். நான் கத்தி ஓய்ந்ததும் அவளாகவே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

"வாங்கக்கா. இன்னிக்கு மாசக் கூட்டம். எல்லாரும் இருப்பாங்க."

கொட்டகையில் இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவள் சிலையை நடுவில் வைத்தாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். நாலு விரல், சுண்டுவிரல் இல்லை, மோதிர விரல் உள்ளே மடக்கியது. நான் புளித் தண்ணீர் நனைத்த துணியையும் மூங்கில் சிராயையும் நீட்டினேன். நாங்கள் தொடவில்லை. அங்கே உளி பிடிக்கிற ஒருவர் வாங்கிக்கொண்டார். துணியை இடுக்கில் திணித்து ஊறவைத்தார்கள். அது ஊறும் வரை யாரும் வேலை செய்யவில்லை. ஒருவர் மட்டும், "நம்ம ஊருச் சிலைக்கு அரியலூர்க்காரன் சுண்ணாம்படிச்சு வுட்டிருக்கான் பாரு" என்று முணுமுணுத்தார். யாரோ சிரித்தார். நம்ம ஊருச் சிலை என்று வாய் தவறி வந்துவிட்டது, அவருக்கே தெரியவில்லை.

சிமெண்டு சில்லுசில்லாக உதிர்ந்தது. செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். அந்த ஆள் விரலை உள்ளே விட்டுத் தடவினார்.

"நாலுதான். இது மடங்கித்தான் இருக்கு தலைவரே."

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள், தலைவரே. நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "சரி, நம்ம ஊருதான். அவ புருஷன் செஞ்சது. பக்கத்துல உக்காந்து பார்த்திருப்பா, அதச் சொல்றா."

"போன வாரம் உங்க ஊரே இல்லன்னீங்களே?" என்றேன்.

"அன்னிக்கி வெள்ளையா இருந்துச்சு. அடையாளம் தெரியல."

"சுத்தம் பண்ணித்தானே கொண்டாந்தேன்? காதத் தடவிப் பார்த்தீங்களே?"

அப்போது இளவட்டம் ஒருத்தன் வரிசையில் இருந்து சொன்னான்: "தலைவரே, காதுல குறி வெட்டுன ஆட்ட நம்மள்ல எவனாவது செஞ்சிருக்கோமா?"

"நமக்கு ஆடுன்னா கொழம்புதான்டா தெரியும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

கொட்டகையே சிரித்தது. பின்னால் உப்புத்தாளோடு இருந்த பெண்களும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்குக் கோபத்தில்தான் உண்மை வந்தது. "இவ ஒருத்திக்கு எழுதிக் கொடுத்தா நாளைக்கு தேய்க்கிறவ எல்லாம் உளி கேட்டு நிப்பா. அப்புறம் தேய்க்கிறது யாரு?" என்றீர்கள்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஒரு கட்டை கொடுங்க. இங்கயே உக்காந்து வெட்டுறேன். வராட்டி நான் எந்திரிச்சுப் போயிடுறேன்."

"பொதுக்குழுவுல பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டீர்கள்.

பொதுக்குழு வரும் வரை அவள் சும்மா இருக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த திங்கட்கிழமை நான் லீவு போட்டு, இரண்டு பேருமாகப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போனோம். சிலையையும் எடுத்துக்கொண்டு போனோம். மனு வாங்கிய அலுவலர் படித்துவிட்டு, சிலையை வாங்கிக் குனிந்து அந்த இடுக்கைப் பார்த்தார். சங்கம் எழுதித் தரவில்லை என்றால் அதோடு முடிந்துவிடாது, ஆள் அனுப்புகிறேன், அவர் முன்னால் செதுக்கிக் காட்டினால் போதும் என்றார். சங்கத்தின் பதிலையும் கேட்டு எழுதுவதாகச் சொன்னார். வெளியே வந்ததும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி. நான் டீ வாங்கி வந்தேன்.

அங்கிருந்து மர மில்லுக்குப் போனோம். மில்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு நல்ல வாகைக் கட்டையை எடுத்து வைத்தார். "துண்டு கட்டிக்கிட்டு வெட்டும்மா" என்றார்.

இப்போது அவள் வீட்டு வாசலில், பட்டப்பகலில், போகிற வருகிறவர்கள் பார்க்கச் செதுக்குகிறாள். புருஷனின் உளிகளைத்தான் பயன்படுத்துகிறாள். கொட்டகை வேலை இன்னும் போகவில்லை, காலையில் தேய்த்துவிட்டு மதியம் வெட்டுகிறாள். தேய்க்கிற பெண்களில் இரண்டு பேர் மதியத்தில் வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். முதலில் பார்த்தார்கள். போன வாரம் நான் போனபோது ஒருத்தி கையில் சின்ன உளி இருந்தது. தலைவரே, நீங்கள் பயந்தது சரிதான். பயப்படுவதற்கு அதில் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"இது யாரு?" என்று கட்டையைக் காட்டிக் கேட்டேன். ஒரு பெண் உருவம் பாதி வெளியே வந்திருந்தது. இடுப்பில் கை, தலை முன்னால் நீட்டி.

"நீங்கதான்க்கா. வாயி மட்டும் இன்னும் திறக்கல. கொஞ்சம் பெருசாத் திறக்கணும், அதான் பார்த்துப் பண்றேன்."

கூட இருந்த இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆட்டுக்குட்டிக்காரியை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று கொண்டுபோனேன். வாங்கிக்கொள்ளவில்லை. யார் செய்தது என்று சொல்லாமல் தூக்கிப்போன சிலை, யார் செய்தது என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரட்டும் என்றாள். அலுவலர் அனுப்புகிற ஆள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அவர் முன்னால் அவள் வெட்டிக் காட்டுவாள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அட்டை வந்துவிடும். ஆனால் சங்கத்துக்குப் போன கடிதத்துக்கு இன்னும் பதில் போகவில்லை என்று கேள்விப்படுகிறேன். அட்டை வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டிருந்தால், தலைவரே, அது நடக்காது.

பொதுக்குழு சமுதாயக் கூடத்தில் நடக்கும், மைக் இருக்கும், ஊர் இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் சிலையோடு வருவேன். அவள் முன் வரிசையில் இருப்பாள், தேய்க்கிற பெண்களும் இருப்பார்கள். கடிதத்தில் வேண்டாம், என் காதில் ரகசியமாகவும் வேண்டாம். மைக்கைப் பிடித்து இரண்டுக்குப் பதில் சொல்லுங்கள். எங்கள் ஊர் வேலையே இல்லை என்றீர்கள், ஒரு வாரத்தில் அவள் புருஷன் வேலை என்றீர்கள். இரண்டும் மெய்யாக இருக்க முடியாது, எது பொய்? குட்டியின் வயிற்றுக்கு அடியில் அந்தக் கையைச் செதுக்கியது யார்? அவளைப் பார்த்துக்கொண்டே சொல்லுங்கள், எல்லோர் காதிலும் விழும்படி.